டெல்லிக்கு இரண்டு நாள் போதும், ஆக்ராவைச் சேர்க்காதவரை

மூன்று நாளில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் காட்டுகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். இந்த மூன்று ஊரையும் சுற்றி வந்தால் சாலையில் மட்டும் 700 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. சாப்பிட, தூங்க, கழிப்பறைக்கு நிற்க என்று கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் முகப்பில் நின்று ஒரு புகைப்படம் எடுக்கத்தான் நேரம் மிஞ்சும். அம்மாவையும் சித்தியையும் அழைத்துக்கொண்டு டெல்லி போகலாம் என்று முடிவு செய்தபோது, எங்கள் தெருவிலேயே ஆளுக்கு ஒரு பயண நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். இருவருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. டெல்லி மட்டும், அதுவும் பாதி டெல்லி மட்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஊர் திரும்பிய சூட்டோடு இதை எழுதுகிறேன். அந்தப் பிடிவாதம்தான் பயணத்தைக் காப்பாற்றியது.

முதலில் கிழமையைப் பாருங்கள். திங்கட்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். அக்ஷர்தாம் கோயில், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், காந்தி சுடப்பட்ட வீடான காந்தி ஸ்மிருதி எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஞாயிறு இரவு போய் இறங்கி, திங்கள் முழுவதும் பூட்டிய கதவுகளைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்களை அங்கே கண்ணால் பார்த்தேன். செங்கோட்டை வாசலில் ஒரு பெரியவர் காவலரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. மாதம் என்று கேட்டால் பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை. டிசம்பரிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். நவம்பரில் காற்று மூச்சுவிட லாயக்கில்லை. மே மாதம் போக நினைப்பவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது.

அறை எடுக்கும்போது எல்லோரும் ஹோட்டலின் படங்களைப் பார்க்கிறார்கள். நான் மெட்ரோ வரைபடத்தைத்தான் பார்த்தேன். மஞ்சள் தடத்திலோ நீலத் தடத்திலோ உள்ள ஏதாவது ஒரு நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை இருந்தால் பாதிச் செலவு மிச்சம். பஹார்கஞ்சில் வாடகை குறைவு, ஆனால் அம்மாவையும் சித்தியையும் அந்த நெரிசலிலும் தரகர்கள் நடுவிலும் அழைத்துப் போக எனக்கு மனம் வரவில்லை. கரோல்பாக்கில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத் தங்கினோம். காலையில் இட்லி கிடைக்கும் கடை பக்கத்திலேயே இருந்ததில் சித்திக்கு அப்படி ஒரு நிம்மதி. விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர விமான நிலைய விரைவு மெட்ரோவைத் தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள். மூன்றாம் முனையத்திலிருந்து புது டெல்லி நிலையத்துக்கு இருபது நிமிடம்தான் ஆகிறது, கட்டணமும் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். வெளியே நிற்கும் டாக்சிக்காரர்கள் அதைப் போலப் பல மடங்கு கேட்டார்கள்.

மெட்ரோவில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, வண்டி போகும் திசையில் முதல் பெட்டி. அம்மாவும் சித்தியும் அதில் ஏறிக்கொள்வார்கள், நான் அடுத்த பெட்டியில். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று ஏறும் முன்பே சொல்லிவிட வேண்டும். சித்தி அதைக் கைப்பையில் இருந்த சின்ன நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறிவிப்புக்கும் விரலால் ஒரு வரி தள்ளிக்கொண்டே வந்தார். நுழையும்போது பையைச் சோதிக்கும் வரிசைதான் நேரத்தைத் தின்னும், அதிலும் காலை ஒன்பது மணியை ஒட்டி, மஞ்சள் தடமும் நீலத் தடமும் சந்திக்கும் ராஜீவ் சௌக் பக்கம் போகவே கூடாது.

இனி எங்களை ஏமாற்றப் பார்த்த ஓர் ஆட்டோக்காரர் கதை. இந்தியா கேட்டிலிருந்து ஹுமாயூன் கல்லறைக்கு ஆட்டோ பிடித்தோம். மீட்டர் போடச் சொன்னேன், தலையாட்டினார். கொஞ்ச தூரம் போனதும், இன்று யாரோ பெரிய மனிதர் வருகிறார், மதியம் வரை கல்லறைக்குள் விடமாட்டார்கள், அதுவரை அரசாங்கக் கைவினைக் கடை ஒன்று இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். நான் பதில் சொல்வதற்குள் வண்டி வேறு பக்கம் திரும்பிவிட்டது. பின்னால் இருந்து அம்மா, "தம்பி, இவர் வேறு எங்கோ போகிறார், வண்டியை நிறுத்தச் சொல்" என்றார். கைபேசி வரைபடத்தைத் திறந்தால் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கிறோம். நிறுத்தச் சொன்னேன். அவர் நிறுத்தவில்லை. "பத்தே நிமிடம் பாருங்கள், வாங்க வேண்டாம், எனக்குப் பெட்ரோல் கூப்பன் கொடுப்பார்கள்" என்று கெஞ்சவே ஆரம்பித்துவிட்டார். சத்தம் போட்ட பிறகுதான் ஓரமாக நிறுத்தினார். மீட்டரில் எழுபது சொச்சம் காட்டியதற்கு முந்நூறு கேட்டார். மீட்டர் காட்டியதை மட்டும் கையில் வைத்துவிட்டு, போக்குவரத்துக் காவலர் நின்ற முனைக்கு நடந்தோம். வேறு ஆட்டோவில் போய் இறங்கினால் கல்லறை அகலத் திறந்திருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போகிறார்கள்.

எனக்கு அந்த இருநூறு சொச்சம் ரூபாய் பெரிதில்லை. மொழி தெரியாத இரண்டு முதியவர்களை ஏற்றிக்கொண்டு, அவர்களுடைய அரை நாளைக் கடைக்காரனிடம் விற்கப் பார்த்தாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை. டெல்லியில் இது ஒரு ஆள் செய்யும் வேலையும் இல்லை. "இன்று மூடியிருக்கிறது", "பந்த் நடக்கிறது", "உங்கள் ஹோட்டல் இடம் மாறிவிட்டது", "டிக்கெட் கவுன்டர் கன்னாட் பிளேசுக்குப் போய்விட்டது" என்று யார் சொன்னாலும் நம்பாமல் நேரில் போய்ப் பாருங்கள். புது டெல்லி, நிஜாமுதீன் ரயில் நிலையங்களில் போலீசின் முன்கட்டண ஆட்டோ கவுன்டர் இருக்கிறது. மற்ற இடங்களில் செயலியில் பதிவு செய்யுங்கள், வழியைக் கைபேசியில் திறந்து ஓட்டுநர் கண்ணில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு யாரும் எங்களைக் கடைக்கு அழைக்கவில்லை.

ஹுமாயூன் கல்லறை அத்தனை கோபத்தையும் துடைத்துவிட்டது. டெல்லியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் செங்கோட்டையை விட்டுவிட்டு இங்கே வாருங்கள். 1556-இல் ஹுமாயூன் புராணா கிலாவில் தன் நூலகப் படிகளில் தவறி விழுந்து இறந்தார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய மனைவி பேகா பேகம் எழுப்பியது இது. தாஜ்மகாலுக்குப் பல பத்தாண்டுகள் முந்தியது. சிவப்புக் கல்லில் வெள்ளைப் பளிங்குக் கோடு ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு கல்லும் சேரும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், தட்டவே இல்லை. படிகள் உயரமானவை, அம்மா ஏறவில்லை. கீழே தோட்டத்தில் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, நான்கு பாகமாகப் பிரித்த அந்தப் புல்வெளியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். 1857-இல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இதே வளாகத்தில்தான் என்று சொன்னபோது, "அவருக்கு அப்போது எத்தனை வயது?" என்று கேட்டார். எண்பதைத் தாண்டியவர் என்றேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் இருக்கும் ஈசா கான் கல்லறையையும் விடாதீர்கள், எண்கோண வடிவம், ஹுமாயூன் கல்லறையைவிடப் பழையது. இணையத்தில் வாங்கினால் நமக்கு நுழைவுச்சீட்டு 35 ரூபாய், கவுன்டரில் நிற்கும் நேரமும் மிச்சம்.

செங்கோட்டையைப் பற்றி நான் சொல்வது சிலருக்குப் பிடிக்காது. வெளிச்சுவர் பிரமாதம், லாகூர் வாசலைப் பார்க்கும்போது உடல் சிலிர்க்கிறது. ஆனால் உள்ளே போனால் பழைய அரண்மனையில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. மயிலாசனத்தை 1739-இல் பாரசீக மன்னர் நாதிர் ஷா கொண்டுபோய்விட்டார். 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனைக் கட்டடங்களை இடித்துத் தள்ளிவிட்டுப் பட்டாளத்துக் குடியிருப்பு கட்டினார்கள். அந்த அசிங்கமான கட்டடங்கள் இன்னும் நடுவில் நிற்கின்றன. திவானே காஸ் மண்டபத்தின் பளிங்குத் தூண்களில் கற்களைப் பெயர்த்தெடுத்த குழிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒன்றரை மணி நேரம் போதும். காலையில் திறந்தவுடன் போய்விட்டு, வெயில் ஏறும் முன் எதிரே சாந்தினி சௌக்குக்குள் நடந்துவிடுங்கள்.

சாந்தினி சௌக் பிரதான வீதியில் பகலில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இது பெரிய வரம். சைக்கிள் ரிக்ஷாவை ஏறும் முன்பே பேசி முடித்துக்கொண்டு, கோட்டை முனையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை போய், பக்கத்திலேயே காரி பாவோலி மசாலாச் சந்தைக்குள் நுழையலாம். மிளகாய் மூட்டைகள் நடுவில் சித்தி இருமி இருமிக் கண்ணீர் விட்டபடியே பெருங்காயத்துக்கும் ஜாதிக்காய்க்கும் பேரம் பேசினார். இந்தி ஒரு வார்த்தை தெரியாது, விரல்தான் மொழி. தான் கேட்ட விலைக்குத்தான் வாங்கினார். பராத்தா வாலி கலி என்று எல்லோரும் தூக்கி வைத்துப் பேசும் சந்து எனக்குப் பிடிக்கவில்லை. பராத்தாவை எண்ணெயில் முக்கிப் பொரித்துத் தருகிறார்கள், இரண்டு சாப்பிட்டால் மாலை வரை நெஞ்சைக் கரிக்கிறது. தரீபா முனையில் சுடச்சுட ஜிலேபி வாங்குங்கள், அது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. நம் ஊர் ஜாங்கிரியைவிடத் தடிமன், நெய்யில் பொரிக்கிறார்கள்.

ஆனால் டெல்லியில் நாங்கள் சாப்பிட்டதிலேயே சிறந்த சாப்பாட்டுக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. பங்களா சாஹிப் குருத்வாராவின் லங்கர், அதாவது அந்தச் சீக்கியக் கோயிலில் வருவோர் எல்லோருக்கும் போடும் இலவசச் சாப்பாடு. படேல் சௌக் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். சீக்கியர்களின் எட்டாவது குரு ஹர் கிருஷ்ணர் 1664-இல் தங்கியிருந்து, கொள்ளைநோயில் தவித்த மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த இடம். செருப்பை ஒப்படைத்து, தலையை மூடி, வாசலில் ஓடும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். கைக்குட்டை இல்லையென்றால் அவர்களே துணி தருகிறார்கள். நீண்ட கூடத்தில் பந்தி போலத் தரையில் வரிசையாக உட்காருகிறோம். கீழே உட்கார முடியாத அம்மாவுக்கு ஒரு தொண்டர் தானாகவே இடம் காட்டினார். ரொட்டி போட வந்தவர் நின்றார், வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த சீக்கியப் பாட்டி எங்களைப் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து ஏந்திக் காட்டினார். ரொட்டியை அப்படித்தான் வாங்க வேண்டுமாம். கெட்டியான கறுப்பு உளுந்துப் பருப்பு, காய்கறி, பால் பாயசம். மறுபடி மறுபடி கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் சித்தி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சமையற்கூடத்துக்குள் போய், ரொட்டி தேய்க்கும் பெண்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறார். ஒரு மணி நேரம் அங்கேயே போயிற்று, அன்றைய தாமரைக் கோயில் திட்டம் கைவிடப்பட்டது. அதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

சரி, வரிசைக்கு வருகிறேன். முதல் நாள் செங்கோட்டை, சாந்தினி சௌக், ஜாமா மசூதி, மாலையில் பங்களா சாஹிப். இரண்டாம் நாள் காலை இந்தியா கேட்டும் அதையொட்டிய போர் நினைவிடமும், பிறகு ஹுமாயூன் கல்லறை, மதியத்துக்கு மேல் குதுப் மினார். மினார் மேல் ஏற முடியாது. 1981-இல் உள்ளே நெரிசலில் சிக்கி 45 பேர் இறந்த பிறகு மூடிவிட்டார்கள். அதன் காலடியில் இருக்கும் துருப்பிடிக்காத இரும்புத் தூண் ஒன்றுக்காகவே போகலாம். குதுப் மினார் என்ற பெயரில் உள்ள மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் இன்னும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், ஆட்டோ பிடித்துவிடுங்கள். கையில் இன்னும் அரை நாள் இருந்தால் காந்தி ஸ்மிருதி. 1948 ஜனவரி 30 அன்று அறையிலிருந்து பிரார்த்தனை மேடைக்குக் காந்தி நடந்த பாதையில் அவருடைய காலடிகளைக் கல்லில் பதித்து வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. கூட்டமே இல்லை என்பது எனக்கு வேதனையாக இருந்தது. அக்ஷர்தாமை நான் சேர்க்கவில்லை. கைபேசியைக்கூட ஒப்படைத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே போய் வர அரை நாளுக்குக் குறையாமல் ஆகிவிடும், குறுகிய பயணத்துக்கு அது ஒத்துவராது.

ஆக்ரா போயே தீர வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் அதற்கென்று தனியாக ஒரு நாள் கூட்டுங்கள். நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணியை ஒட்டிப் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய நூறு நிமிடத்தில் ஆக்ராவில் விட்டுவிடும், மாலையில் அதிலேயே திரும்பலாம்.  வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று தாஜ்மகாலும் மூடியிருக்கும், கதிமானும் ஓடாது.