பால் விலையும் தீவன விலையும்

1970-இல் வெண்மைப் புரட்சி தொடங்கியபோது பால் பற்றாக்குறையில் இருந்த இந்தியா, இன்று உலகிலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடு. 2023-24-இல் மட்டும் சுமார் 23.9 கோடி டன். இதில் பெரும்பங்கு, இரண்டு மூன்று கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கும் சிறு குடும்பங்களின் உழைப்பு, அதிலும் பெண்களின் உழைப்பு.

எங்கள் நெல்லிக்குப்பம் பக்கம் விடியற்காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கேனைத் தூக்கி வருபவர்களுக்குக் கொழுப்பும் இதரச் சத்தும் அளந்துதான் விலை போடுகிறார்கள்; புண்ணாக்கும் தவிடும் வைக்காமல் அந்த அளவு ஏறாது, வாங்கி வைத்தாலோ பால் காசில் பெரும்பகுதி தீவனக் கடைக்கே போய்விடுகிறது. கரும்பு வெட்டும் பருவத்தில் தோகை கிடைப்பதால் ஓரளவு சமாளிக்கிறார்கள். கோடையில் வைக்கோல் கட்டையும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. மேய்ச்சல் புறம்போக்குகளை மீட்டுத் தீவனப்புல் வளர்ப்பதும், கொள்முதல் விலையைத் தீவன விலையோடு சேர்த்து நிர்ணயிப்பதும் உடனே நடந்தாக வேண்டும்.