குதிக்க ஒரு குழி, ஊற்றிக்கொள்ள ஏழு கிணறு

உலகில் நீராடிப் பார்க்க வேண்டிய இயற்கைத் தடாகங்கள் என்று இணையத்தில் வரும் பட்டியல்களை நான் விடாமல் படிப்பவன். மெக்சிகோவின் யுகட்டான் பகுதிச் சுண்ணாம்புக் குழிகள், ஏணி பிடித்து இறங்க வேண்டிய சமோவாவின் தோ சுவா, விக்டோரியா அருவியின் விளிம்பிலேயே இருக்கும் பிசாசுத் தடாகம் என்று சுற்றிச் சுற்றி இவைதாம் வரும். கடைசியாகச் சொன்னதில் சாம்பேசி ஆறு வற்றியிருக்கும் மாதங்களில் மட்டுமே இறங்கலாம். மற்ற நாட்களில் இறங்கினால் அருவியோடு போக வேண்டியதுதான். எனக்கு அந்தத் தைரியம் இல்லை, படத்தில் பார்த்ததோடு சரி.

இந்தப் பட்டியல்களில் எங்கள் ஊரான இலங்கையின் திருகோணமலை வருவதில்லை. வந்தால் புறாமலைத் தீவின் பவளப்பாறைக்காக வரும், கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளுக்காக வராது. கன்னியாவில் யாராலும் நீந்த முடியாது என்பதுதான் காரணம். நீந்த முடிந்தால்தான் நல்ல நீர் என்று யார் சொன்னது?

பட்டியல் இடங்களில் நான் இறங்கிய ஒன்று ஓமானில் இருக்கிறது. மஸ்கட்டில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறை நாளொன்றில் சூர் நகருக்குப் போகும் கடலோர நெடுஞ்சாலையில் நண்பர்களோடு பிம்மா குழிக்குப் போனேன். வெட்டவெளியில் திடீரென்று வாய் பிளந்து கிடக்கும் பள்ளம். கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். விண்கல் விழுந்த இடம் என்பது ஊர்க்கதை. உண்மையில், நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குடைய, மேற்கூரை இடிந்து விழுந்து உண்டான குழி அது. கடல் சில நூறு மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. உப்புநீர் நிலத்துக்கு அடியால் வந்து நன்னீரோடு கலக்கிறது. படிக்கட்டில் இறங்கி ஓரத்தில் உட்கார்ந்தால் சிறுமீன்கள் வந்து காலைக் கொறிக்கும். இளைஞர்கள் பாறை விளிம்பிலிருந்து குதித்துக்கொண்டே இருந்தார்கள்.

கூட வந்த யாழ்ப்பாணத்து நண்பர் கரையில் நின்றபடி, "இது எங்கள் நிலாவரைதானே!" என்றார். அவர் சொன்னது பிழையில்லை. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறும் சுண்ணாம்புக்கல்லில் உண்டானதுதான். மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். அங்கே விண்கல்லுக்குப் பதில் இராமனின் அம்பு. கடலுக்குப் பக்கத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும் அதே கல்லின் கொடைதான். யுகட்டானின் குழிகளையும் இந்த வரிசையில் வைக்கலாம்.

எங்கள் ஊரின் கல் வேறு. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையைப் பார்த்தாலே தெரியும்: பழைய, கடினமான பாறை. அது கரைவதில்லை, வெடிக்கிறது. அந்த வெடிப்புகளின் வழியே மழைநீர் வெகு ஆழத்துக்கு இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு மீண்டும் மேலே வருகிறது. இலங்கையில் எரிமலையே இல்லாதபோதும் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதற்குக் காரணம் இதுதான். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக ஏழிடத்தில் வாளால் குத்த நீர் பீறிட்டது என்பது நாங்கள் வளர்ந்த கதை. அதனால்தான் இன்றும் அந்தியேட்டிக் கிரியைகளுக்காகக் குடும்பங்கள் கன்னியாவுக்கு வருகின்றன. அங்கே சிரிப்போடு வாளி தூக்குகிறவர்களும், ஒருவரை இழந்து தலை முழுக வந்தவர்களும் ஒரே கிணற்றடியில் நிற்பார்கள். வேறெந்த நீராடுமிடத்திலும் நான் இதைக் கண்டதில்லை. அந்த இடம் யாருக்கு உரியது என்ற வழக்கும் வாதமும் தனிக் கதை. அதை இங்கே பேசப் போவதில்லை.

நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் சில கிலோமீட்டர் போனால் திருப்பம் வரும். விடியற்காலையில் போவதே நல்லது. வெயில் ஏறிய பிறகு சுடுநீரில் குளிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். மூன்று, நான்கு அடி ஆழம்தான், அடித்தளம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொன்றின் சூடும் சற்று வேறு. நான் ஆர்வத்தில் நேரே ஆவி பறக்கும் கிணற்றுக்குப் போக, ஓர் அம்மா தடுத்தார். "தம்பி, சூடு குறைந்ததில் தொடங்குங்கள். உடம்பு பழகட்டும்." சொன்னபடியே ஒவ்வொன்றாகப் போனேன். பத்துப் பதினைந்து வாளி அள்ளினால் கிணறு வற்றிவிடும், ஊறும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் பேச்சு நடக்கிறது. எந்த ஊர், யாருக்காக வந்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்கிறார்கள். பிம்மாவில் அவரவர் பாட்டுக்குக் குதித்தோம். இங்கே வாளியைப் பக்கத்தில் நிற்பவருக்குக் கைமாற்றாமல் குளிக்க முடியாது.

நீந்தியே ஆக வேண்டும் என்பவர்கள் நிலாவெளியிலிருந்து படகில் புறாமலைக்குப் போகலாம். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். ஆழமில்லாத நீரிலேயே பவளமும் நிற மீன்களும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கருநுனிச் செட்டைச் சுறாவும் ஒதுங்கிப் போகும், அது ஆளைத் தேடி வருவதில்லை. ஆனால் பவளத்தில் காலை ஊன்றாதீர்கள். மிதிபட்ட பவளம் மீண்டும் வளர ஆண்டுக்கணக்காகும். படம் எடுப்பதற்காக அதன் மேல் ஏறி நிற்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கடல் சாதுவாக இருக்கும். மார்கழியில் வாடை பலமாக வீசும்போது வருகிறவர்கள் படகை மறந்துவிடலாம். அந்த மாதத்துக் குளிருக்கும் மழைக்கும் கன்னியாதான் தோது. மாற்றுடையும் ஒரு வாளியும் கொண்டுவாருங்கள்.