கேபினெட்டுக்குள் தங்குவது எது, கிளம்புவது எது

முதல் கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தபோது கையில் இருந்த காசில் முக்கால்வாசியை ப்ராசசரிலும் கிராபிக்ஸ் கார்டிலும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் கிடைத்த மதர்போர்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் (எல்லா பாகத்துக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) வாங்கிப் போட்டேன். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் கார்டை மாற்றலாமே என்று பார்த்தால் புதுக் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு 8 பின் பவர் கனெக்டர் வேண்டும், என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. சரி, ப்ராசசரையாவது மாற்றுவோம் என்றால் போர்டில் அது உட்காரும் சாக்கெட்டுக்கு அதற்கு மேல் எதுவும் வரவில்லை, போர்டையும் ரேமையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அப்கிரேட் என்று ஆரம்பித்தவன் கேபினெட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் புதிதாக வாங்கினேன்.

அதனால் இப்போது யாராவது கேட்டால், கார்டு எப்படியும் மாறப்போகிறது, அதில் கொஞ்சம் இறங்கி வாங்கு, எஸ்எம்பிஎஸ்ஸிலும் போர்டிலும் இறங்காதே என்பேன். எஸ்எம்பிஎஸ் டப்பாவில் '80 பிளஸ் கோல்டு' என்று போட்டிருப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று மட்டும்தான், உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அல்ல. அந்த மாடலை யாராவது பிரித்துச் சோதித்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்து, நல்ல 650 அல்லது 750 வாட் ஒன்றை வாங்கினால் இரண்டு மூன்று கார்டுகள் வந்து போகும்வரை அது அப்படியே இருக்கும்.

போர்டில் பார்க்க வேண்டியது சாக்கெட்டின் ஆயுள். 2017ல் ஏஎம்டியின் முதல் ரைசன் ப்ராசசரோடு ஏஎம்4 சாக்கெட் போர்டு வாங்கியவர்களில் பலர், பயாஸை (போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) மட்டும் அப்டேட் செய்து 2022ல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசசரை அதே போர்டில் மாட்டினார்கள். கேமிங்கில் அது எவ்வளவு பெரிய தாவல்! அதற்கு அடுத்த ஏஎம்5க்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட், 14ஆம் தலைமுறை ப்ராசசரோடு நின்றுவிட்டது. ஏஎம்4 போர்டு, முந்தைய தலைமுறை டிடிஆர்4 ரேம் என்று மலிவாகப் போவதும் தப்பில்லை, அது கடைசி ஸ்டாப் என்று தெரிந்து ஏறினால் சரி.

கார்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், இப்போதைக்கு ப்ராசசரில் இருக்கும் கிராபிக்ஸ் போதும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ரைசன் 8600ஜியில் பின்னால் வரும் கார்டுக்கு எட்டு பிசிஐஇ லேன் (ப்ராசசருக்கும் கார்டுக்கும் நடுவே டேட்டா போகும் பாதை) கிடைக்கும், 8500ஜியில் நான்குதான். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வழியில் போனால் ரேம் கண்டிப்பாக ஜோடியாக இருக்க வேண்டும், ஒற்றை ஸ்டிக்கில் அந்த கிராபிக்ஸ் திணறிவிடும். தனி கார்டு போடுபவர்கள் 16 ஜிபி ஒன்றில் ஆரம்பித்து, சில மாதம் கழித்து அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். நான்கு 8 ஜிபி ஸ்டிக் மட்டும் வேண்டாம், டிடிஆர்5ல் நான்கையும் நிரப்பினால் பெரும்பாலும் வேகம் இறங்கிவிடும். எது போட்டாலும் பயாஸில் எக்ஸ்போவை, அதாவது ரேமை அதன் டப்பாவில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் செட்டிங்கை, ஆன் செய்யுங்கள் (நான் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆனது).

என்றைக்காவது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற நேர்ந்தால் பழையதோடு வந்த மாடுலர் கேபிளை (கழற்றி மாட்டக்கூடிய கேபிள்) புதியதில் சொருகாதீர்கள். முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு. எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும்.