ஓட விட்டால் மட்டும் நாய் அடங்காது

செருப்பைக் கடித்துக் குதறுகிறது, வாசலில் ஆள் நிழல் பட்டாலே குரைக்கிறது, வாக்கிங் போனால் தோளைக் கழற்றிவிடும் போல இழுக்கிறது. இதற்கெல்லாம் பார்ப்பவர்கள் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: "நல்லா ஓட விடுங்க, களைச்சுப்போய்ப் படுத்துக்கும்." முதல் வாரம் படுக்கவும் செய்யும். தினம் ஓடுகிற உடம்பில் தெம்பு ஏறிக்கொண்டே போகும் என்பதால், அரை மணி நேரத்தில் களைத்த நாய்க்கு அடுத்த மாதம் ஒரு மணி நேரமும் போதாது. சேட்டை அப்படியே இருக்கும், மூச்சுத் தம் மட்டும் கூடியிருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாள் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு என்ன செய்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பகலில் எவ்வளவு தூங்கியது. பல வீடுகளில் இந்தக் குறிப்பு காட்டிக்கொடுப்பது உடற்பயிற்சிக் குறையை அல்ல, தூக்கக் குறையை. வளர்ந்த நாய்க்கு ஒரு நாளில் 12 முதல் 14 மணி நேரத் தூக்கம் சாதாரணம். குட்டிக்கு 18 மணி நேரம் வரை போகும். மாலையில் வெறி பிடித்தாற்போல் ஓடி, கால்சட்டையைக் கடித்து இழுக்கும் குட்டி பெரும்பாலும் தூக்கம் கெட்ட குட்டி. அதனோடு இன்னும் விளையாடினால் கடி கூடும். அமைதியான இடத்தில் விட்டால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென உறுமினாலோ, தொட்டால் சீறினாலோ பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள். காது, பல், மூட்டு வலி எல்லாம் கோபமாகத்தான் வெளியே தெரியும்.

அடுத்தது வாக்கிங். கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்பைச் சுற்றும் ஹார்னஸ், குட்டைக் கயிற்றுக்குப் பதிலாக மூன்று மீட்டர் கயிறு. முதல் பத்து நிமிடம் நாய் போகிற வழிக்கு நீங்கள் போங்கள். ஒரே கம்பத்தை இரண்டு நிமிடம் மோந்தாலும் இழுக்காதீர்கள். யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று அது அங்கே படித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேலைதான் மூளையைக் களைக்க வைக்கிறது. பிறகு இழுவைப் பாடம்: கயிறு விறைத்தால் நில்லுங்கள், தளர்ந்ததும் நடங்கள். முதல் நாள் பத்து வீடு தாண்டவே கால் மணி நேரம் ஆகும். அவசரமாகப் போகும் நாளில் மட்டும் இழுக்க விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. எப்போதாவது பலன் தரும் பழக்கத்தை நாய் லேசில் விடாது. நேரம் இல்லாத நாளில் கயிற்றை ஹார்னஸின் வேறு வளையத்தில் மாட்டுங்கள், மார்பு வளையத்தில் பாடம், முதுகு வளையத்தில் பாடம் இல்லை என்று அது சீக்கிரமே பிரித்துப் புரிந்துகொள்ளும்.

பந்து எறிவது பற்றி ஒரு வார்த்தை. ஒரே மூச்சில் நாற்பது முறை எறிந்தால் திடீர் திடீரென நின்று திரும்புவதில் தோளும் முழங்காலும் அடிபடும். அதைவிட, வீட்டுக்கு வந்த பிறகும் நாய் தணியாது. மூச்சு வாங்கிக்கொண்டே பந்தை உங்கள் காலடியில் போட்டு முறைக்கும். ஐந்தாறு எறிதல் போதும், ஒவ்வொன்றுக்கும் முன் உட்கார வையுங்கள். கடைசி இரண்டையும் எறியாமல் புல்லில் ஒளித்துத் தேட விடுங்கள். குட்டிகளின் எலும்பு நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மூடும்வரை, பெரிய இனங்களில் இதற்கு ஒன்றரை வயது வரைகூட ஆகலாம், நெடுந்தூர ஓட்டமும் உயரம் தாண்டுவதும் வேண்டாம். வெயிலில் தரையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் பாதமும் வெந்துபோகும். மூக்கு சப்பையான இனங்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விக்கும் வசதி குறைவு, அவற்றிடம் இன்னும் கவனம்.

இனி சோற்றுத் தட்டு. தட்டில் கொட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிற சாப்பாட்டை இருபது நிமிட வேலையாக்கலாம். ஒரு பழைய துண்டை விரித்து, அன்றைய உலர் தீவனத்தில் ஒரு பங்கைத் தூவி, மேலே லேசாக ஒரு மடிப்பு மட்டும் போடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தளர்வாகச் சுருட்டுங்கள். பிறகு இறுக்கமாக. அதன்பின் சுருளை அட்டைப்பெட்டியில் போட்டுக் கசக்கிய தாள்களால் மூடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் கேட்கும்: சர்சர்ரென்று குறுகலான மோப்பம், தீவனம் இருக்கும் மடிப்பில் ஒரு கணம் நிற்கும், பிறகு மூக்கால் ஒரு நெம்பு. துண்டைக் கிழிக்க ஆரம்பித்தால் அதை முரட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம், புதிர் அதற்குக் கடினமாகிவிட்டது. ஒரு படி கீழே இறங்குங்கள். துணியையே விழுங்கும் பழக்கமுள்ள நாய்க்குத் துண்டு வேண்டாம், தீவனத்தைப் புல்லில் தூவினால் போதும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் ஆளுக்கொரு அறை, கதவைச் சாத்திவிட்டு.

பயிற்சி மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று முறை. பரிசாகக் கொடுக்கும் ட்ரீட் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. அதையும் அன்றைய சாப்பாட்டுக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒழுங்கான நாய் குண்டாகும். சரியாகச் செய்த அதே நொடியில் "சரி" என்று சொல்லிவிட்டு அப்புறம் கொடுங்கள். இரண்டு விநாடி தாமதித்தால், உட்கார்ந்ததற்கு அல்ல, எழுந்ததற்குக் கூலி கொடுத்ததாகிவிடும்.

கற்றுக்கொடுப்பதில் எதற்கு முதலிடம் என்றால், பாயில் படுத்து அடங்குவதற்குத்தான். பாயை விரித்து, அதில் கால் வைத்ததும் ஒரு ட்ரீட். படுத்ததும் ஒன்று. பிறகு மூன்று விநாடி, ஐந்து, பத்து என்று நீட்டி, முன்னங்கால்களுக்கு இடையில் மெதுவாக வையுங்கள், எறியாதீர்கள். இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்து, தாடை தரையில் பட்டு, ஒரு பெருமூச்சு வரும். அதுதான் நீங்கள் காத்திருந்தது, அதற்கு இரண்டு மூன்றாகவே கொடுக்கலாம். நேரத்தையும் தூரத்தையும் ஒரே நாளில் கூட்டினால் எழுந்துவிடும், ஒன்றைக் கூட்டும்போது மற்றதைக் குறைக்க வேண்டும்.

கவனத்துக்காகக் குரைப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் முதலில் குரைப்பு கூடும். நான்காம் நாள் பொறுக்க முடியாமல் திரும்பிப் பார்த்துவிட்டால், நான்கு நாள் குரைத்தால்தான் வேலை நடக்கும் என்று அது பாடம் படித்துவிடும். வம்புக்குக் குரைப்பதும் பயத்தில் குரைப்பதும் ஒன்றல்ல என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயப்படும் நாயை, பயமுறுத்தும் பொருளைப் பார்த்தும் சாப்பிட முடிகிற தூரத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். சும்மா விட்டுவிட்டால் பயம் போகாது.

தனியாக விட்டால் வீட்டை நாசம் செய்கிறதா? ஒரு செல்போனில் வீடியோ பதிவை ஓட விட்டுவிட்டுப் போங்கள். சலித்துப்போன நாய் பெரும்பாலும் முதலில் ஒரு தூக்கம் போட்டு, எழுந்து, பிறகுதான் மெத்தையைப் பிரிக்கும். பிரிவைத் தாங்காத நாய் நீங்கள் படி இறங்குவதற்குள் எச்சில் ஒழுக, கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடும். அதற்கு ஓட்டமும் துண்டுச் சுருளும் தீர்வல்ல. தனிமையைச் சில விநாடிகளில் தொடங்கிப் பழக்க வேண்டும், சில நாய்களுக்கு மருந்தும் தேவைப்படும்.

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை, நன்றாகக் கற்றதையெல்லாம் மறந்த மாதிரி நடிக்கும் ஒரு பருவம் வரும். அப்போது தண்டிக்காதீர்கள், புதிய பாடமும் வேண்டாம். பாய்ப் பாடத்தில் மூன்று விநாடிக்குத் திரும்பிப் போய், ஒரு வாரம் அங்கேயே நிறுத்தி, அங்கிருந்து மறுபடி நீட்டுங்கள்.