குதிரை விலகிப் போகட்டும்

குதிரை என்றதும் நம் வேலூர்ப் பக்கத்து ஆட்களுக்குத் தேசிங்குராஜன் ஞாபகம்தான் வரும். ராணிப்பேட்டைக்குப் பெயர் வந்ததே அவன் ராணியால்தான். அதெல்லாம் முதுகில் ஏறி அடக்கிய வீரம். மனநலத்துக்காகக் குதிரையோடு செய்யும் வேலையில் பெரும்பாலும் யாரும் ஏறுவதே இல்லை. சேணமும் வேண்டாம், கடிவாளமும் வேண்டாம். தரையில் நின்று பக்கத்தில் போவது, தேய்த்துவிடுவது, கூட நடப்பது, அவ்வளவுதான். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈகாலா அமைப்பின் முறைப்படி, மனநல ஆலோசகர் ஒருவரும் குதிரை தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்துதான் அமர்வு நடத்த வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க ஒருவரே இரண்டையும் பார்த்தால், முதலில் கண்ணுக்குத் தப்புவது குதிரையின் காதுதான். காது பின்னால் படிந்துவிட்டால் அடுத்தது கடியோ உதையோ.

எல்லாவற்றுக்கும் அச்சாணி ஒன்று: குதிரைக்கு விலகிப் போக இடம் வேண்டும். கட்டிப்போட்ட குதிரை பக்கத்தில் நிற்பதற்கு என்ன அர்த்தம்? கயிறு நிறுத்தி வைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. 50 முதல் 60 அடி விட்டத்தில் வட்டப் பட்டி போட்டு அவிழ்த்துவிடுங்கள். தரைக்கு மூன்று அங்குல மணல் போதும். ஆழம் கூடினால் காலின் தசைநாண் பாதிக்கும். அந்த மணலிலேயே புல்லைப் போடாதீர்கள்; மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வந்துவிடும். வேலியோரம் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். பெங்களூரு நெடுஞ்சாலை நடுவில் பூத்து நிற்கிறதே, அதேதான். ஒரு கைப்பிடி இலை குதிரையைக் கொல்லப் போதும்.

வருபவர் மூடிய ஷூ போட்டு, முந்தானையோ துப்பட்டாவோ இருந்தால் இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் குதிரைக்குக் கண் தெரியாது. அதனால் தோளைப் பார்த்துச் சாய்வாகப் போய், ஆறேழு அடியில் நின்று, புறங்கையைத் தாழ்வாக நீட்டி முகர விட வேண்டும். குதிரை முகத்தைத் திருப்பினால் ஓரடி பின்வாங்க வேண்டும். விஷயமே இங்கேதான் இருக்கிறது. சிலர் விடாமல் இன்னும் ஓரடி முன்னே வைப்பார்கள். சிலர் "என்னைப் பிடிக்கலை" என்று சொல்லி ஒதுங்கிவிடுவார்கள். ஆலோசகர் கேட்க வேண்டியது, "இப்ப என்ன நடந்துச்சு? நீங்க என்ன பண்ணீங்க?" அதை விட்டுவிட்டு "உங்க துக்கம் குதிரைக்குப் புரிஞ்சிடுச்சு" என்று ஜோசியம் சொன்னால் அமர்வு அங்கேயே கெட்டது.

தொட விட்டால், தட்டாதீர்கள். பிடரி முடிந்து தோளுக்கு மேல் மேடாக இருக்கும் இடத்தைச் சொறியுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அங்கேதான். அங்கே சொறியும்போது குதிரையின் இதயத் துடிப்பு குறைவதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

உறவுச் சிக்கலோடு வரும் அப்பா மகனுக்கு வேறு வேலை. குதிரையின் தலையில் மாட்டும் வாரான ஹால்டரின் இரண்டு பக்கமும் பத்தடிப் பருத்திக் கயிறு. ஆளுக்கொன்றாகப் பிடித்து, பேசாமல், தரையில் கிடக்கும் நான்கு கம்புகளைத் தாண்டிக் குதிரையை நடத்த வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது, மடித்துப் பிடிக்க வேண்டும். மிரண்டு ஓடினால் விரலே போய்விடும். பெரும்பாலும் இரண்டாவது கம்பிலேயே குதிரை நின்றுவிடும், வாலை விசிறும். "ஒழுங்காப் பிடிடா" என்று அப்பா வாய் திறக்கும் அந்த நேரத்தில் நிறுத்தி, இருவரையும் கயிற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று தொங்கும், ஒன்று விறைத்திருக்கும். விளக்கம் தேவையில்லை.

கையில் கேரட்டோ வெல்லமோ கொடுக்க விடாதீர்கள். பிறகு குதிரை வருவது ஆளுக்காக அல்ல, பையில் இருக்கும் தீனிக்காக. கடிக்கவும் பழகும்.

கல்யாண ஊர்வலத்துக்குப் போய்ப் போய் ஓய்ந்த குதிரையைச் "சாது" என்று வாங்கி வருவதுதான் பெரிய தப்பு. பேண்டு, வெடி, ஜெனரேட்டர் விளக்கு எல்லாம் தாங்கித் தாங்கி மரத்துப் போயிருக்கும். ஓய்வெடுக்கும் குதிரை கீழுதட்டைத் தொங்கவிட்டு ஒரு பின்னங்காலை மடக்கி நிற்கும், ஆனால் சத்தம் வந்தால் காது திரும்பும். மரத்துப்போன குதிரைக்குக் காது அசையாது, தொட்டாலும் தோல் சிலிர்க்காது. விலகிப் போகவே மறந்துவிட்ட குதிரை இந்த வேலைக்கு ஆகாது. அதற்கு முதலில் மேய்ச்சலும் துணைக்கு இன்னொரு குதிரையும் கொடுங்கள்.

வேலூர் வெயிலும் இதே குழப்பத்தை உண்டாக்கும். கத்திரியில் சோர்ந்து நிற்பதை அமைதி என்று நினைத்துவிடுவோம். காலை 6 முதல் 8 மணி, மாலை 5.30-க்கு மேல், அதுவும் ஒரு குதிரைக்கு நாளைக்கு இரண்டு அமர்வுதான். கோடையில் 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். இரண்டு நொடிக்குள் படியாவிட்டால் நீர் குறைந்திருக்கிறது. மூச்சு வாங்கியும் உடம்பு வேர்க்காமல் வறண்டிருந்தால் உடனே நிறுத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் சிறு குழுக்களை வைத்துச் செய்தவை. ஆகவே இது மருந்துக்கு மாற்று இல்லை. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், மனநோய் முற்றிய நிலையில் இருப்பவர், விலங்குகளைத் துன்புறுத்தியவர், குதிரை முடி ஒவ்வாதவர் இவர்களைச் சேர்க்கக் கூடாது. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கேயோ வேறெங்கேயோ மாத்திரை சாப்பிடுகிறவர் அதை நிறுத்தவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பட்டிக் கதவைத் திறக்க வேண்டும்.