வாளைத் தின்னும் பலகை

மரத்தூளைப் பசையோடு அமுக்கிச் செய்யும் சிப்போட் பலகை என்றாலே எங்கள் ஊரில் ஒரு முகச்சுளிப்பு உண்டு. ஒரு மாரிக்குக் கப்போட்டின் அடி ஊதி உதிர்ந்துபோகும் என்பது எல்லோரும் கண்டது. இதில் மரத்தையும் விட்டுவிட்டு உமியிலும் வைக்கோலிலும் பலகை அடிக்கிறோம் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? யாழ்ப்பாணத்தில் அப்படியொரு சிறிய பட்டறையில் சில காலம் வேலை செய்தேன்.

அரைத்து, சலித்து, உலர்த்தி, பசை தெளித்து, சட்டத்தில் பரப்பி, 160 முதல் 180 பாகை வரை சூடேறிய பிரெஸ்ஸில் அமுக்க வேண்டும். சொல்ல அவ்வளவுதான். மரத்தூளுக்கு வழக்கமாகப் போடும் யூரியா போமல்டிஹைட் பசை வைக்கோலில் சரியாகப் பிடிக்காது. வைக்கோல் தாளின் மேலே மெழுகும், மணலில் உள்ள சிலிக்காவும் படிந்திருக்கும். எம்.டி.ஐ. என்ற இன்னொரு வகைப் பசை நன்றாகப் பிடிக்கும். ஆனால் விலையும் அதிகம், பிரெஸ்ஸின் இரும்புத் தகட்டையும் விடாது பிடித்துக்கொள்ளும். அதன் ஆவி சுவாசத்துக்குக் கெடுதல், தகுந்த முகமூடி இல்லாமல் கிட்டப் போகக் கூடாது.

ஈரம் வேறொரு தொல்லை. ஈரம் மிஞ்சிய கலவையை அமுக்கிவிட்டு பிரெஸ்ஸைச் சட்டென்று திறந்தால், உள்ளே அடைபட்ட நீராவி பலகையை நடுவால் பிளந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வெயிலை நம்பி உலர்த்த முடியாது. தை, மாசி அறுவடையோடு வைக்கோலை வாங்கிக் கூரைக்குள் அடுக்கிவிட வேண்டும்.

பலகையை முதலில் அறுத்துப் பார்த்த தச்சர் ஐயா, "தம்பி, உந்தப் பலகை வாளைத் தின்னுது" என்றார். உண்மைதான். உமியை எரித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். அதில் பெரும்பங்கு சிலிக்கா. சாதாரண வாளின் பல் மழுங்காமல் என்ன செய்யும்? காபைட் என்ற மிகக் கடினமான பொருளில் பல் வைத்த வாள்தான் வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. எங்களை உண்மையில் வருத்தியது லொறிக் கூலி. ஒரு கன மீற்றர் உமி 100 கிலோ அளவுதான் வரும். அமுக்கிய பலகையோ 650, 700 கிலோ. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் நாங்கள் ஏற்றிவந்ததில் பெரும்பகுதி காற்று. போதாததற்கு உமியும் வைக்கோலும் சும்மா கிடப்பவை அல்ல. நெல் அவிக்கும் அடுப்புக்கும் கோழிக்கூட்டுக்கும் உமி போகிறது, வைக்கோல் மாட்டுக்கு. நாங்கள் கேட்கத் தொடங்கியதும் விலையும் ஏறியது. வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைக் கூழாக்கிய காலத்தில் அதைச் சுற்றி மட்டக்களப்பின் வயல்கள் இருந்தன. இந்தத் தொழிலும் வயலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது என்பதே என் எண்ணம்.

"பனை இருக்கே, அதில செய்யலாமே?" என்று கேட்காதவர் இல்லை. நல்ல பனந்தும்புக்குத் தூரிகை செய்கிறவர்கள் எங்களைவிடக் கூடக் கொடுப்பார்கள். நீளத் தும்பு சல்லடையில் சிக்கும், பரப்பினால் கட்டிகட்டியாக நிற்கும். அவர்கள் கழிக்கும் கட்டைத் தும்பை நடு அடுக்கில் உமியோடு கலந்தோம். பலகை முறியாமல் வளைந்து கொடுத்தது. தடுப்புச் சுவருக்கும் அலுமாரியின் முதுகுக்கும் அது போதும். குசினிச் சிங்குக்குக் கீழே போடக் கேட்டு வந்தவர்களுக்கு மட்டும் நாங்கள் விற்கவில்லை.