முள் ஏன் எப்போதும் ‘ஃபுல்’ காட்டியது

எங்கள் மோட்டார்ஹோம் (உள்ளேயே வீடுபோல் தங்கும் வண்டி) 1985 மாடல், கார்புரேட்டர் வண்டி. வாங்கிய நாள் முதல் பெட்ரோல் முள் எஃப் கோட்டையும் தாண்டி மூலையில் ஒட்டிக்கொண்டே இருந்தது. நான் ஓடிய மைலை நோட்டில் குறித்து, கேலனுக்கு ஏழு மைல் என்று கணக்குப் போட்டு ஓட்டிவந்தேன்.

போன கோடையில் நெவாடாவில் ரூட் 50 வழியாகப் போனோம். ஆஸ்டின் என்ற சின்ன ஊரில் மதியம் நிறுத்தி, ஏ.சி.க்காக ஜெனரேட்டரைப் போட்டோம். மாலையில் அது இருமிவிட்டு நின்றது. “ஜெனரேட்டர் போச்சாங்க?” என்றாள் மனைவி. போகவில்லை. ஜெனரேட்டரும் எஞ்சினும் ஒரே டேங்கிலிருந்துதான் பெட்ரோல் எடுக்கின்றன. ஜெனரேட்டரின் குழாயை மட்டும் அடிவரை விடாமல் உயரத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். ஏறக்குறைய கால் டேங்க் வந்ததும் அது நின்றுவிடும், மிச்சம் வண்டி ஓட. 60 கேலன் டேங்கில் கால் பங்கு 15 கேலன். ஏழு மைல் வீதம் 105 மைல். அடுத்த ஊரான ஃபாலன் சுமார் 110 மைல். ஜெனரேட்டர் குடித்ததை நோட்டில் சேர்க்க விட்டுப்போயிருந்தது. அன்று அது நின்றிராவிட்டால், முள் ‘ஃபுல்’ காட்டிக்கொண்டிருக்க, குழந்தையோடு வெட்டவெளியில் நின்றிருப்போம். ஆஸ்டினிலேயே பெட்ரோல் போட்டுக்கொண்டோம்.

வீடு திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். டேங்கை இறக்கி, உள்ளே இருந்து பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் சென்டிங் யூனிட்டை மாற்ற வேண்டும், 900 டாலர் ஆகும் என்றார்கள். ஒரு சோதனைகூடச் செய்யாமல் சொன்னது எனக்கு மனசு ஒப்பவில்லை.

சென்டிங் யூனிட் என்பது டேங்குக்குள் ஒரு மிதவை. அது ஏறி இறங்க மின்தடை மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் பழைய கணக்குப்படி காலி என்றால் 0 ஓம், நிறைந்தால் 90 ஓம். என் வண்டியும் அந்த வகைதான். அப்படியானால் எங்காவது இணைப்பு அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும், முள் எஃப்-ஐத் தாண்டி ஓடும். முள் காலியிலேயே கிடந்தால் வயர் எங்கோ சேசிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) உரசுகிறது என்று பொருள். (எண்பதுகளின் முற்பாதி ஃபோர்டு வண்டிகளில் இது தலைகீழ்: காலிக்கு 73 ஓம், ஃபுல்லுக்கு 10. உங்கள் வண்டி எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.)

சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் படுத்தேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் பொறி பறக்கக் கூடாது. அதனால் சாவியை அணைத்துவிட்டு, டேங்கிலிருந்து தள்ளி சேசிஸ் ஓரமாக இருக்கும் கனெக்டரைக் கழற்றி, கேஜுக்கு, அதாவது முள் இருக்கும் மீட்டருக்குப் போகும் வயரைச் சேசிஸோடு இணைத்தேன். அப்புறம் மகளைச் சாவி போடச் சொன்னேன்.

“அப்பா, முள் இறங்குது! இ-க்கே வந்துருச்சு!”

அந்த ஒரு வரியில் கேஜ், மேலே போகும் வயர் இரண்டும் சரி என்று தெரிந்தது. சாவியை அணைக்கச் சொல்லிவிட்டு மல்ட்டிமீட்டரை எடுத்தேன். டேங்கின் வயருக்கும் சேசிஸுக்கும் நடுவே இணைப்பே இல்லை. அதே வயருக்கும் சென்டிங் யூனிட்டின் எர்த் வயருக்கும் நடுவே 41 ஓம். மிதவை நன்றாகத்தான் இருந்திருக்கிறது! எர்த் வயரைச் சேசிஸில் பிடித்திருந்த ஸ்க்ரூ துருவேறி, தொட்டதும் உதிர்ந்தது. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்கில் இல்லாமல் எஞ்சினில் இருப்பதால் இந்த எர்த் போனது வேறு எதிலும் தெரியவில்லை.

உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புது முனை, பல் வாஷர், புது ஸ்க்ரூ போட்டு, மேலே கிரீஸ் தடவினேன். கடையில் 6 டாலர்கூட ஆகவில்லை. சாவி போட்டதும் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. 90-ல் 41, கணக்கு ஒத்துவந்தது.

மறுநாள் பங்கில் டேங்க் நிறையும்வரை போட்டேன். 32 கேலன் பிடித்தது. முள் மெல்ல ஏறி எஃப் கோட்டின்மேல் நின்றது, தாண்டவில்லை.